மேடையை விட்டுத் தெருவுக்கு வந்தவர்: பீட்டர் மின்ஷாலின் பாதை

ஜவுளிக்கடைத் திறப்பு விழாவிலும், மொபைல் கடை வாசலிலும், பெட்ரோல் பங்க் ஓரத்திலும் ஒரு காற்று பொம்மை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான துணிக் குழாய், இரண்டு கைகள், ஒரு சிரித்த முகம், அடியில் ஒரு மின்விசிறி. காற்று ஏறினால் நிமிரும், தளர்ந்தால் மடங்கிச் சரியும், மறுபடி எழும். இந்த பொம்மை முதன்முதலில் உலகத்தின் கண்ணில் பட்டது 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில்தான். அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் டிரினிடாட் தீவைச் சேர்ந்த பீட்டர் மின்ஷால். காற்றடைத்த துணிக் குழாய்களில் தேர்ந்தவரான டோரோன் காசிட் என்ற இஸ்ரேலியக் கலைஞரோடு சேர்ந்து அதைச் செய்து முடித்தார்கள். 2001-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையில் காசிட்டின் பெயர் உண்டு, மின்ஷாலின் பெயர் இல்லை.

மின்ஷால் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களிடம் பேசும்போது இந்த பொம்மையிலிருந்து தொடங்குவது வசதி. ஆனால் கரீபியனில் அவரை அறிந்தவர்களுக்கு அது ஒரு துணுக்கு மட்டுமே. லண்டனில் நாடக மேடைக்கு அரங்கமும் உடையும் வடிவமைத்துக்கொண்டிருந்தவர், முப்பது வயதைத் தாண்டியபின் அந்தத் தொழிலை விட்டு டிரினிடாட்டின் கார்னிவல் என்ற தெருத் திருவிழாவுக்குள் முழுசாக இறங்கினார். அடுத்த முப்பது ஆண்டுகள் அதுவே வாழ்க்கை. வடிவமைப்பாளர் ஒருவர் முழுநேரக் கலைஞர் ஆவது என்றால் நாம் வழக்கமாக நினைப்பது, வேலையை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போவது, கேலரியில் கண்காட்சி வைப்பது. மின்ஷால் கேலரிப் பக்கம் போகவில்லை. வடிவமைப்பில் கற்ற எதையும் கைவிடவும் இல்லை. அதையே எடுத்துக்கொண்டு போய், ஆயிரக்கணக்கான பேர் உடுத்தி நடக்கும் கலையாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கலை முயற்சிகளில் அதுவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த ஊர் நிலவரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டிரினிடாட் அன்ட் டொபாகோவின் மக்கள்தொகை இன்றைக்கும் சுமார் 14 லட்சம்தான். ஓவியம் வாங்குகிற வசதியுள்ளவர்கள் அதிலும் சிலர். அதனால் படைப்புத் திறமை உள்ளவர்கள் பிழைப்புக்கு வடிவமைப்புப் பக்கம் போவது அங்கே வழக்கமான பாதை. துணி, விளம்பரம், புத்தக அட்டை, மேடை, கட்டட அலங்காரம் என்று ஏதாவது ஒன்று. ஆல்தியா மெக்னிஷ் 1951-ல் லண்டனுக்குப் போய்த் துணி வடிவமைப்பு படித்தார். 1957-ல் படிப்பை முடித்த கையோடு லிபர்ட்டி என்ற லண்டன் கடைக்குத் துணி வடிவங்கள் செய்யத் தொடங்கி, அந்தத் துறையிலேயே பெரும் பெயர் எடுத்தார். ஓவியம் அவர் கூடவே வந்தது. ஆனால் சோறு போட்டது துணிதான்.

இன்னொருவர் கார்லைல் சாங். மின்ஷாலைப் புரிந்துகொள்ள இவரைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். 1921-ல் பிறந்த சாங் ஓவியர், சுவரோவியர், மேடை வடிவமைப்பாளர். டிரினிடாட் 1962-ல் சுதந்திரம் அடைந்தபோது தேசியக் கொடியையும் சின்னத்தையும் உருவாக்கிய குழுவில் இருந்தவர். 1961-ல் பியார்கோ விமான நிலையத்தில் ‘மனிதனின் இயல்பான மேன்மை’ என்ற பொருளில் மிகப் பெரிய சுவரோவியம் ஒன்றை வரைந்தார். நாட்டுக்குள் வந்து இறங்குகிற எவரும் முதலில் பார்த்தது அதைத்தான். 1979-ல் விமான நிலையத்தை விரிவாக்குகிறோம் என்று சொல்லி அந்தச் சுவரையே இடித்துவிட்டார்கள். காலத்துக்கும் நிற்கும் என்று நம்பிச் செய்த வேலை பதினெட்டு வருடம்தான் நின்றது. கல்லிலும் சுவரிலும் செய்தால் நிலைக்கும், துணியிலும் கம்பியிலும் செய்தால் போய்விடும் என்ற கணக்கு அந்தத் தீவில் செல்லுபடியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சாங், ஸ்டீஃபன் லீ ஹங் என்பவர் நடத்திய கார்னிவல் அணிக்குப் பல ஆண்டுகள் உடை வடிவமைத்தார். அவர் விலகியபின் அந்த இடத்துக்கு 1976-ல் வந்தவர்தான் மின்ஷால்.

கார்னிவல் எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்கள் முழுக்க வேடமிட்டவர்கள். இதை ‘மாஸ்’ என்பார்கள். ஆட்கள் தனித்தனியாக வருவதில்லை, அணி அணியாக வருவார்கள். ஒவ்வோர் அணிக்கும் அந்த ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் இருக்கும். அதைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உடை வரைவார்கள். படத்தைப் பார்த்து மக்கள் பணம் கட்டி அந்த உடையை வாங்கி, அணிந்துகொண்டு ஆடுவார்கள். அணியின் தலையாய வேடங்கள் இரண்டு, ராஜாவும் ராணியும். இவை பிரமாண்டமானவை. இவற்றுக்கெனத் தனிப்போட்டி குயின்ஸ் பார்க் சவானா மைதான மேடையில் நடக்கும். செவ்வாய் நள்ளிரவோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் புதுக் கரு, புது உடை.

மின்ஷால் பிறந்தது 1941-ல், அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில். சிறுவயதிலேயே குடும்பம் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் அட்டைப்பெட்டி, பெயின்ட், காய்ந்த புல் போன்றவற்றை வைத்து ஆப்பிரிக்க மந்திரவாதி வேடம் ஒன்றைத் தானே செய்து, சிறுவர் கார்னிவலில் பரிசு வாங்கினார். அறுபதுகளில் லண்டன் போய் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் அன்ட் டிசைனில் மேடை வடிவமைப்பு படித்தார். சாங் படித்ததும் அதே பள்ளியில்தான். 1969-ல் ஸ்காட்டிஷ் தியேட்டர் பாலே குழுவின் ‘பியூட்டி அன்ட் த பீஸ்ட்’ நடன நாடகத்துக்கு அரங்கமும் உடையும் வடிவமைக்கும் வாய்ப்பு கிடைத்தது. லண்டனில் ஒரு தீவுக்கார இளைஞனுக்கு அது பெரிய கதவு. அந்த வழியே போயிருந்தால் மரியாதையான ஒரு மேடை வடிவமைப்பாளராக வாழ்க்கை அமைந்திருக்கும்.

மேடை வடிவமைப்பில் அவர் கற்றது என்ன என்று யோசித்தால் பிறகு நடந்தது புரியும். ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதைக் காட்சிகளாகப் பிரிக்க வேண்டும். வரைந்ததைத் தையல்காரரும் தச்சரும் செய்யக்கூடிய துண்டுகளாக உடைத்துச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற மாதிரி அளவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடைக்குள்ளே ஒரு மனிதர் மூச்சுவிட்டு ஆடப்போகிறார் என்ற நினைப்பு வேண்டும். இவை கைவேலையின் பாடங்கள். இவற்றில் கடைசிப் பாடத்தை அவர் டிரினிடாட்டின் பழைய வௌவால் வேடத்திலும் பார்த்தார். அந்த வேடத்தில் சிறகு ஆடுபவரின் உடம்போடும் கையோடும் கட்டப்பட்டிருக்கும். கை விரிந்தால் சிறகு விரியும், முட்டி மடங்கினால் வௌவால் தொங்கும். அந்தக் கால ராஜா ராணி வேடங்கள் அப்படி இல்லை. அளவு பெருக்கப் பெருக்கச் சக்கரம் வைத்த சட்டத்தில் ஏற்றி, ஆடுபவர் பின்னால் இழுத்துக்கொண்டு வரும் தேர் மாதிரி ஆகியிருந்தன. பார்க்க அழகு, ஆனால் ஆட முடியாது.

திருப்பம் 1974-ல் வந்தது, அதுவும் வீட்டுக்குள்ளிருந்து. தத்துத் தங்கை ஷெரி-ஆனுக்குச் சிறுவர் கார்னிவலுக்கு ஒரு வேடம் செய்துகொடு என்று அம்மா கேட்டார். மின்ஷால் ஓசனிச்சிட்டு, அதாவது பூக்களில் தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்ட் பறவையை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு பேர் ஐந்து வாரம் உழைத்தார்கள். 104 இறகுகள், ஒவ்வோர் இறகிலும் 150 துணித் துண்டுகள். அத்தனையும் ஒரு சின்னப் பெண்ணின் உடம்பிலிருந்து விரிய வேண்டும், அவள் தூக்க முடிகிற எடையில் இருக்கவும் வேண்டும். வௌவால் வேடத்தின் சூட்சுமம் இங்கே கைகொடுத்தது. சக்கரம் கிடையாது, பின்னால் தள்ள ஆள் கிடையாது. அவள் கையை வீசினால் இறகுகள் படபடத்தன, சுழன்றால் மொத்தமும் சுழன்றது. மைதானம் ஆர்ப்பரித்தது.

எத்தனை நாடக அரங்கங்களில் வேலை செய்தாலும் அப்படியொரு எதிரொலி கிடைக்காது என்பதை அன்று அவர் கண்டுகொண்டார். ஆடும் உடம்பால் அசைகிற சிற்பம் என்ற எண்ணம் அதன்பின் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஆயிற்று. 1976-ல் லீ ஹங் அணிக்காக ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1979-ல் கடலைக் கருவாக வைத்துச் செய்த கார்னிவல் வந்தது. 1980-ல் ‘டான்ஸ் மக்காப்ர’ என்ற பெயரில், சாவின் நடனம். ஜிகினா மின்னும் விழாவில் கந்தலும் மங்கிய நிறமுமாக ஆட்களை இறக்கினார். காசு கொடுத்து உடை வாங்குகிறவர்களிடம் கந்தலை விற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வாடிக்கையாளருக்குப் பிடித்ததைச் செய்வது வடிவமைப்பாளரின் கடமை என்றால், அந்த ஆண்டு அவர் அந்தக் கடமையை ஓரமாக வைத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

அவருடைய உச்சம் எது என்று கேட்டால் நான் 1983-ன் ‘ரிவர்’ என்பேன். கதை எளிது. நதிக்கரையில் வாழும் மக்கள். அவர்களைக் காப்பவள் ஒரு சலவைக்காரி, அவள்தான் ராணி. எதிரி மான்கிராப், பாதி மனிதன் பாதி நண்டு. பேராசையும் இயந்திர மோகமும் சேர்ந்து உருவெடுத்தவன், அவன்தான் ராஜா. பீட்டர் சாமுவேல் என்ற ஆட்டக்காரர் அந்த வேடத்தைத் தாங்கினார். ராஜா போட்டி மேடையில் மான்கிராப் வந்தபோது அவன் தலைக்கு மேலே சுமார் 25 அடிச் சதுரத்தில் ஒரு வெள்ளைப் பட்டு விதானம் காற்றில் அலைந்துகொண்டிருந்தது. அவன் ஆட ஆட அந்தப் பட்டில் சிவப்பு கசிந்து பரவியது. வெள்ளை முழுக்க ரத்தம். கார்னிவல் ராஜா என்றால் பளபளப்பும் இறகும் என்று பழகியவர்கள் முன்னால் இது நடந்தது.

சலவைக்காரியின் வேடத்தில் தலைக்கு மேல் கொடிக்கயிறுகள், அதில் காயும் வெள்ளைத் துணிகள். திங்கள்கிழமை அவள் பின்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளைப் பருத்தி உடையில் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை சலவைக்காரி கொல்லப்பட்டாள். அப்புறம் மக்கள் வண்ணச் சாயத்தை ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டார்கள். முதலில் தனித்தனி நிறங்கள், பிறகு எல்லாம் கலந்து கலங்கிய ஒரே நிறம். மான்கிராப் ஜெயித்துவிட்டான். காலையில் வெள்ளை உடுத்தி வீட்டிலிருந்து கிளம்பியவர் சாயங்காலம் அழுக்காகித் திரும்பினார். கதையை அவர் பார்க்கவில்லை, அது அவர் தோலிலேயே நடந்தது. எந்தக் கேலரியில் இதைச் செய்ய முடியும்? இந்தக் கதையை அவர் அத்தோடு விடவும் இல்லை. 1984-ல் ‘கல்லலூ’, 1985-ல் ‘கோல்டன் கலபாஷ்’ என்று மூன்று ஆண்டுத் தொடராக நீட்டினார். மூன்றாம் பாகத்தில் வந்த ஹிரோஷிமா வேடம், அணுகுண்டு வீச்சின் 40-ம் ஆண்டையொட்டி வாஷிங்டனில் நடந்த அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்கும் போனது.

தன்னை உடை வடிவமைப்பாளர் என்று யாராவது சொன்னால் மின்ஷால் ஏற்பதில்லை. மாஸ் செய்கிறவன், கலைஞன் என்பார். இதைப் பட்டப்பெயருக்கான வெறும் ஆசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வடிவமைப்பு என்ற சொல் ஒட்டிக்கொண்டால் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கிடைக்கிற நிதி, பாதுகாப்பு, வரலாற்றில் இடம் எதுவும் கிடைக்காது. கார்னிவல் என்றால் கேளிக்கை, அதைச் செய்வது கைத்தொழில் என்று ஒதுக்கும் பார்வை காலனிக் காலத்திலிருந்தே இருந்தது. அதை எதிர்த்துத்தான் அவர் அந்தச் சொல்லுக்காக மல்லுக்கட்டினார்.

இப்போது பணத்துக்கு வருவோம். முழுநேரக் கலை என்று வாயால் சொல்வது சுலபம். மேடை வடிவமைப்பாளருக்கு ஒரு நாடகக் குழு சம்பளம் தரும். மாஸ் கலைஞருக்கு முதலாளி யார்? உடை வாங்கி ஆடுகிற அந்த இரண்டாயிரம் பேர்தான். அவர்கள் முன்கூட்டியே கட்டும் பணத்தில்தான் துணி, கம்பி, ஃபைபர் கிளாஸ், கைவினைஞர் கூலி எல்லாம். விளம்பரதாரர் கிடைத்தால் ராஜா ராணிச் செலவு கொஞ்சம் குறையும். ஓர் ஆண்டு மக்களுக்கு உங்கள் கரு பிடிக்காமல் போனால் கடன்தான். ஆக, ஓர் ஓவியர் தன் தோல்வியைத் தனியாகச் சுமக்கலாம், மாஸ் கலைஞரின் தோல்வியில் ஒரு பட்டறையே முடங்கும். தொண்ணூறுகளில் அவர் கல்லலூ என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் அமைத்து, முன்பு அமெரிக்கக் கடற்படைத் தளமாக இருந்த ஷாகராமாஸில் பட்டறை நடத்தினார். தையல், கம்பி வளைப்பு, சாயம், உலோக வேலை என்று வெவ்வேறு கை தேர்ந்தவர்கள் அங்கே ஒன்றாக வேலை செய்தார்கள்.

வெளிநாட்டு அழைப்புகளும் வந்தன. 1990 கார்னிவலில் வந்த டான்டான், சாகாபாய் என்ற இரு ராட்சதப் பொம்மைகளை ஆடுபவர்கள் தம் உடம்போடு பிணைத்துக்கொண்டு ஆட்டினார்கள். பொம்மையின் பாதம் ஆடுபவரின் பாதத்தோடு சேர்ந்து நடக்கும். அதே ஆண்டு ஜூலை 14 அன்று பாரிஸில் பிரெஞ்சு இசைக்கலைஞர் ழான் மிஷேல் ழார் நடத்திய பிரமாண்ட இசை நிகழ்ச்சியில் மின்ஷாலின் வேடங்கள் இடம்பெற்றன. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2002 சால்ட் லேக் சிட்டி என்று மூன்று ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் பணியாற்றினார். சால்ட் லேக் உடைகளுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் இவை எல்லாம் மறுபடி வடிவமைப்பு வேலைதான்: கேட்பவர் வேறு, கரு அவர்களுடையது. வடிவமைப்பிலிருந்து கலைக்குப் போன பாதை ஒருவழிப் பாதையாக இருந்ததே இல்லை. ஊரில் தன் கலையைச் செய்ய வெளியே வடிவமைப்பாளராகவும் இருக்க வேண்டியிருந்தது. இதில் தாழ்வு ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. காற்று பொம்மைபோல ஒன்று அப்படிப்பட்ட வேலையில்தான் பிறந்தது. ஆனால் அது யார் பெயரில் பதிவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்னிவல் மரபில் யோசனைகளுக்குக் காப்புரிமை எடுக்கும் வழக்கம் கிடையாது. அந்தப் பழக்கத்தோடு காப்புரிமை உலகத்துக்குள் நுழைகிறவருக்கு ஏற்படும் இழப்பு இது.

ஊரிலும் சண்டைகள் ஓயவில்லை. 1995-ல் அணிக்கு ‘ஹல்லெலூயா’ என்று பெயர் வைத்ததும் சில கிறிஸ்தவ போதகர்கள், புனிதச் சொல்லைக் கார்னிவலில் இழுக்கலாமா என்று எதிர்த்தார்கள். அவர் பெயரை மாற்றவில்லை. அதுவும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் படைப்புகளும் தொடர்ந்து மூன்று முறை ஆண்டின் சிறந்த அணி என்ற பட்டத்தை வென்றன. 1996-ல் நாட்டின் அன்றைய மிக உயர்ந்த விருதான டிரினிட்டி கிராஸ் தரப்பட்டது.

ஆனால் அதே காலத்தில் தெரு மாறிக்கொண்டிருந்தது. பிகினி, மணி, இறகு என்ற ஒரே அச்சில் உடைகள். பலவும் வெளிநாட்டில் தயாராகி வருபவை. விலைக்குள்ளேயே சாப்பாடும் குடியும் பாதுகாப்பும் அடக்கம். மக்கள் விரும்பி வாங்குகிறார்கள், அவர்கள் விடுமுறைக் கொண்டாட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தையில் கம்பி வளைப்பவருக்கு வேலை இல்லை, கதைக்கு இடம் இல்லை. மக்கள் கட்டும் பணத்தையே நம்பிய கலைக்கு மக்களின் விருப்பம் மாறினால் நிற்க வேறு தரை கிடையாது. 2006-ல் ‘சேக்ரட் ஹார்ட்’ அணிக்குப் பிறகு மின்ஷால் முழு அணி எதையும் இறக்கவில்லை.

2016-ல் ஒரே ஒரு வேடத்தோடு ராஜா போட்டிக்குத் திரும்பினார். டிரினிடாட்டின் மொக்கோ ஜம்பி மரபில், உயரமான கட்டைக்கால்களில் நடக்கும் ஜா-வான் தாமஸ் என்ற இளைஞர் வெள்ளை உடையில் சாகும் அன்னமாக ஆடினார். கட்டைக்கால்களின் அடி, பாலே ஆடுபவரின் நுனிக்கால் செருப்பு வடிவில் செதுக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் பாலேயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கட்டைக்காலும் ஓர் உடம்பில் சேர்ந்து நின்றன. பெரிய சட்டமோ வாணவேடிக்கையோ இல்லை, ஆடுகிற ஒரு மனிதர் மட்டும்தான். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஊரே பேசியது அதைப் பற்றித்தான்.

மின்ஷாலுக்குப் பின் வந்தவர்கள் அவர் போட்ட கணக்கை வேறு மாதிரி போடுகிறார்கள். ராபர்ட் யங் ‘தி கிளாத்’ என்ற பெயரில் துணிகள் வடிவமைத்து விற்பவர். அந்தத் தொழிலைக் கைவிடாமலே ‘வல்கர் ஃபிராக்ஷன்’ என்ற சிறிய அணியையும் நடத்துகிறார். அதில் ஆடுபவர்கள் உடையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும், ஆயத்த உடை கிடையாது. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் உட்புரூக் பகுதியில் கட்டடக் கலைஞர் ஷான் லெனர்டின் குடும்ப வீட்டுக் கொல்லைப்புறத்தில் 2006-ல் ‘ஆலிஸ் யார்ட்’ தொடங்கியது. ஓவியர் கிறிஸ்டோஃபர் கோசியரும் எழுத்தாளர் நிக்கலஸ் லாஃப்லினும் அதில் கூட்டாளிகள். அங்கே எவரும் தம் பிழைப்பை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து வந்து கொல்லைப்புறத்தில் படைப்பைக் காட்டவும் பேசவும் இசைக்கவும் முடிந்தது. 2022-ல் ஜெர்மனியின் கஸ்ஸல் நகரில் நடந்த டாக்குமென்டா என்ற கலைக் கண்காட்சிக்கு அந்தக் கொல்லைப்புறக் குழு அழைக்கப்பட்டுப் போனது. மேடை வேலையை விட்டு வந்த மின்ஷாலின் தலைமுறைக்கு முழுநேரம் என்பது ஒரு போராட்டம். இவர்களில் பலர் வடிவமைப்பையும் கலையையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள், அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்வதும் இல்லை.